வீட்டை யார் பார்ப்பது?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் பலகையோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். மலைமேல் வேலை பார்க்கிற செவிலியருக்கு அந்த 70 வளைவும் இறங்கும்போதுதான் நீளம். ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ இருக்கிற வீட்டில் மாமனாருக்கு நெஞ்சு வலிக்கிறது என்று இரவில் தொலைபேசி வந்தால், கடைசிப் பேருந்து போயிருக்கும். இருசக்கர வண்டியில், மூடுபனியில், அந்த இருட்டில் இறங்கலாம்தான். விவரம் தெரிந்த யாரும் இறங்கச் சொல்ல மாட்டார்கள். சிக்னல் கிடைக்கிற மூலையைப் பார்த்து உட்கார்ந்து விடியும்வரை அடுத்த தகவலுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்குள் இன்னொரு அழைப்பு வரலாம், மலைக்குள்ளிருந்தே, ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி எடுத்துவிட்டது என்று. அதற்கு அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பித்தான் ஆக வேண்டும்.

ஊர் ஊராக நடந்து செய்யும் மருத்துவப் பணியைப் பற்றி நம்மிடம் பாராட்டுரைகள் நிறைய இருக்கின்றன. மே 12 வந்தால் செவிலியர் தினம், மெழுகுவத்தி, மேடை, பொன்னாடை. அந்தச் செவிலியரின் வீட்டில் அன்று யார் சமைத்தார்கள், காய்ச்சலில் கிடந்த குழந்தைக்கு யார் மருந்து கொடுத்தார்கள் என்பது மேடைக்கு வருவதில்லை. நான் எழுத நினைப்பது அந்த வீட்டைப் பற்றி.

கொல்லிமலையில் நவீன மருத்துவம் கால்வைத்த கதையே ஒரு குடும்பம் பிரிந்த கதைதான். ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயர் பாப்டிஸ்ட் மிஷன் ஒன்றைச் சேர்ந்தவர். முழுப் படிப்பு முடித்த டாக்டர் இல்லை. மிஷன் ஊழியர்களுக்கென்று லண்டனில் இருந்த லிவிங்ஸ்டன் கல்லூரியில் வெப்பமண்டல நோய்களுக்கான பயிற்சி பெற்றவர். 1913இல் எவலினைத் திருமணம் செய்துகொண்டு, சேந்தமங்கலம் பக்கமிருந்து டோலியிலும் கால்நடையாகவும் மலையேறி வாழவந்தியில் குடியமர்ந்தார். பல் பிடுங்குவது, புண்ணுக்குக் கட்டுப்போடுவது, மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பது, நரம்புச் சிலந்தி என்று நம் ஊரில் சொன்ன கினிப் புழுவைக் காலிலிருந்து குச்சியில் சுற்றிச் சுற்றி அறுந்துவிடாமல் எடுப்பது என்று நாடு நாடாக நடந்தார்கள் இருவரும். கொல்லிமலையில் நாடு என்பது ஊர்க்கூட்டம். வளப்பூர் நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு, வாழவந்தி நாடு என்று இன்றைக்கும் 14 ஊராட்சிகளுக்கும் அந்தப் பெயர்களே. மதம் பரப்பும் நோக்கத்தோடு வந்தவர்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனக்கு இங்கே முக்கியம், அவர்கள் வீட்டுக்குள் நடந்தது.

1914 ஜூலையில் அவர்களுக்கு மகன் பிறந்தான். பால் பிராண்ட். பின்னாளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தி உலகத்துக்கு வழிகாட்டியவர். அவருக்குப் பின் தங்கை கானி. 1918இல் உலகைச் சூறையாடிய இன்ஃபுளூயன்சா இந்த மலைக்கும் ஏறியது. அந்தக் காய்ச்சலில் சாகக் கிடந்த பூசாரி ஒருவர், அதுவரை இவர்களை எதிர்த்துவந்தவர், தன் பெண்குழந்தையை இவர்களிடம் ஒப்படைத்தார் என்று அந்தக் குடும்பத்தின் வரலாற்றில் வருகிறது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1923இல், ஒன்பது வயதுப் பாலையும் ஆறு வயதுக் கானியையும் படிப்புக்காக லண்டனில் பாட்டி, அம்மாவின் சகோதரிகள் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். ஊரார் பிள்ளை மடியில், தன் பிள்ளைகள் கடல் கடந்து. இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தப் பையனின் பக்கம் நின்று பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

1929 ஜூன் 15 அன்று ஜெஸ்ஸி மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். செய்தி லண்டனுக்குத் தந்தியில் போனது. அப்பா மகனுக்கு எழுதிப்போட்ட கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. அதனால் அப்பா இல்லை என்று தெரிந்த பிறகும் அவருடைய கடிதங்கள் பாலுக்கு வந்துகொண்டே இருந்தன. மலையின் மரங்களைப் பற்றி, தன் வேலையைப் பற்றி, அவர் உயிரோடு இருந்தபோது எழுதியவை. 1923க்குப் பிறகு மகன் அப்பாவைப் பார்க்கவே இல்லை. காய்ச்சலில் விழுந்த ஜெஸ்ஸியைக் கொண்டுபோக வண்டிப்பாதை இல்லை. எவலினைத் தவிர, அவர் இடத்தில் நின்று பார்க்க இன்னொருவரும் மலையில் இல்லை. மருந்துப் பெட்டியோடு அலைந்தவருக்கு மருத்துவம் பார்க்க ஆள் இருந்திருந்தால் என்று யோசிக்கும்போதெல்லாம், இந்தக் கதையைத் தியாகம் என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. பத்துப் பேர் செய்ய வேண்டியதை இரண்டு பேர் தலையில் போட்டுவிட்டு, முறிந்தபின் மாலை போடுவது எளிது.

கணவர் இறந்த பிறகும் எவலின் மலைக்குத் திரும்பி வந்தார். மிஷன் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் ஓயவில்லை. மட்டக்குதிரையில் ஏறி இந்த மலையும் பக்கத்து மலைகளும் சுற்றினார். வயதான காலத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வேலூரில் பெயர்பெற்ற அறுவை மருத்துவரான மகன், போதும் அம்மா, கீழே வந்துவிடுங்கள் என்று மன்றாடினார். அம்மா கேட்கவில்லை. சின்ன வயதில் அம்மாவுக்காக ஏங்கிய பையன், பெரியவனாகி அதே அம்மாவை அதே மலையிடமிருந்து மீட்கப் பார்த்துத் தோற்றான். 1974 டிசம்பரில், 95 வயதில் எவலின் இறந்ததும் வாழவந்தியில் கணவருக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். அவர்கள் குச்சியில் சுற்றி எடுத்த நரம்புச் சிலந்தி இன்று இந்தியாவிலேயே இல்லை. கடைசி நோயாளி 1996இல், உலக சுகாதார நிறுவனத்தின் சான்று 2000இல்.

நோய் போய்விட்டது. தனி ஆளாக ஒரு பெண்ணை மலையில் நிறுத்திவைக்கும் வழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

என் பெரியம்மா மகள் கிராம சுகாதாரச் செவிலியர். கொல்லிமலையில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் பல ஆண்டு இருந்தார். ஊர்ப் பெயர் வேண்டாம். மலைப்பகுதியில் 3000 பேருக்கு ஒரு துணை நிலையம், சமவெளியில் 5000 பேருக்கு ஒன்று என்பது அரசின் கணக்கு. ஆள் எண்ணிக்கை குறைவாயிற்றே என்று தோன்றும். 3000 பேர் ஒரு தெருவில் இருந்தால் சரி. இங்கே ஒரு குடியிருப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் பள்ளமும் ஓடையும் மிளகுக்கொடி ஏறிய காப்பித் தோட்டமும் கிடக்கும். புதன்கிழமை தடுப்பூசி. மற்ற நாள்களில் கர்ப்பிணிகளைத் தேடிப் போவது, எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், கர்ப்பத்தைக் கணினியில் பதிந்து பிக்மி எண் வாங்குவது, பிரசவமானவர் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்ப்பது, சாயங்காலம் பதிவேடு. மலைவாழ் மக்கள் எல்லாருக்கும் அவர் நர்சம்மா.

அக்காவின் இரண்டு பிள்ளைகளும் ராசிபுரத்தில் மாமியாரிடம் வளர்ந்தார்கள். படிப்புக்காக அப்படி ஏற்பாடு. மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவார், சொந்த அத்தையேதான். இந்த ஏற்பாட்டின் மொத்தப் பாரமும் அந்த ஒரு கிழவியின் தோளில் இருந்தது என்பது அவர் விழுந்த அன்றுதான் எல்லாருக்கும் புரிந்தது.

அன்று அக்கா ஒரு வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவது பிரசவம், ரத்தம் மிகக் குறைவு, நாள் நெருங்கிவிட்டது. மலைமேல் இருக்கிற செம்மேட்டுக்கோ கீழே நாமக்கல்லுக்கோ முன்கூட்டியே போய்த் தங்கிவிட வேண்டிய பெண். அவள் அசையவில்லை.

“நான் கீழ போயிட்டா வீட்ட யாரு பாப்பாங்க நர்சம்மா? ஆட்டுக்குட்டி ரெண்டு கெடக்கு. சின்னவன் என்ன விட்டு இருக்க மாட்டான்.”

“அதெல்லாம் நான் சொல்லி ஏற்பாடு பண்றேன் கண்ணு. நீ மொதல்ல கிளம்பு.”

இந்தப் பேச்சு நடுவில்தான் பையனின் அழைப்பு. “அம்மா, பாட்டிக்கு வாய் கோணிருச்சு.”

அக்கா செவிலியர். பக்கவாதம் என்றால் என்ன, ரத்தக்குழாய் அடைத்திருந்தால் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த நாலரை மணி நேரத்தில் பாதிக்கு மேல் தனக்கு மலை இறங்கவே போய்விடும் என்பதும் தெரியும். அதனால் தொலைபேசியிலேயே வைத்தியம் பார்த்தார். ரெண்டு கையையும் தூக்கச் சொல்லு, எந்தப் பக்கம் தூக்கலை? எப்ப இருந்து இப்படி, மணி சொல்லு, அதை ஒரு காகிதத்தில் எழுதிக்கோ. தண்ணி குடுக்காதே, தொண்டையில இறங்காது, புரை ஏறும். ஒருக்களிச்சுப் படுக்க வை. 108க்குப் போடு, சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லு. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பையன் சொன்னதையெல்லாம் செய்தான்.

வாசலில் நின்ற கர்ப்பிணியின் மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “நீங்க கிளம்புங்க நர்சம்மா. இவள நான் கூட்டியாறேன்” என்றார். அக்கா எதையும் நம்பி விட்டுவிடவில்லை. பக்கத்துத் துணை நிலையத்துச் செவிலியரைக் கூப்பிட்டு, பெண்ணின் பெயர், ரத்த அளவு, நாள், வீட்டுக்குப் போகிற வழி எல்லாம் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். அந்தப் பெண் மறுநாள் போய்ச் சேர்ந்தாள். அத்தை பிழைத்தார், வலது கை வராமல். அதன்பின் வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு அத்தையையும் பார்க்க ஆள் வேண்டியிருந்தது.

இந்த நிகழ்ச்சியில் என்னைப் பிடித்து நிறுத்துவது அந்த வாசலில் நடந்த பேச்சுதான். நான் போனால் வீட்டை யார் பார்ப்பது? மலைப் பெண் நர்சம்மாவிடம் கேட்ட கேள்வி, நர்சம்மா ஒவ்வொரு திங்கட்கிழமை விடிகாலையிலும் ராசிபுரத்து வீட்டில் தனக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி. இருவரும் ஒரே முடிச்சின் இரு முனையில் நின்றார்கள். ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வீட்டை விட முடியாதவள். இன்னொருத்தி அவளைப் போக வைப்பதற்காகத் தன் வீட்டை விட்டு வந்தவள்.

மலைப் பெண் பிரசவத்துக்குக் கீழே வரத் தயங்குவதை அறியாமை என்று எழுதுகிறவர்களை நிறையப் படித்திருக்கிறேன். அதில் எனக்கு உடன்பாடில்லை. காப்பிப் பழம் பறிக்கிற பருவத்தில் ஒரு வாரக் கூலியை விட்டுவிட்டு, மற்ற பிள்ளைகளை யாரிடமோ விட்டுவிட்டு, தெரியாத ஊரில் கட்டிலில் காத்துக்கிடப்பது என்ன என்று அவளுக்குத் தெளிவாகத் தெரியும். அரசுக்கும் இது மெல்லப் புரிந்தது. மலைப்பகுதி சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை வந்தது அப்படித்தான்: நாள் வருமுன்பே துணைக்கு ஒருவரோடு வந்து தங்கலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 18,000 ரூபாயானது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2022 ஜனவரியில் நாமக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. டோலி கட்டித் தூக்கிவருவது மலையூர்களில் அடியோடு நின்றுவிடவில்லை என்றாலும், நோயாளியின் வீட்டுக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணமாவது வந்திருக்கிறது. செவிலியரின் வீட்டுக் கேள்வி இன்னும் அவருடைய சொந்த விஷயம்.

விடுப்பு இருக்கிறதே என்பார்கள். தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். நிரந்தரப் பணியில் இருக்கும் பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலையிலிருந்து ஓராண்டு, நல்ல விதி. ஆனால் விடுப்பு என்பது நாள் கணக்கு மட்டும் இல்லை. நான் போனால் என் இடத்தில் யார் என்பதுதான் முதல் கேள்வி. கிராம சுகாதாரச் செவிலியர் விடுப்பில் போனால் பக்கத்து நிலையத்துச் செவிலியர் கூடுதல் பொறுப்பு பார்ப்பார். இன்சார்ஜ் என்பார்கள். அவருக்கும் அதே புதன்கிழமை, அதே பதிவேடு, அதே பள்ளத்தாக்கு. அவருக்கும் கீழே ஒரு வீடு. அதனால் அக்கா போன்றவர்கள் விடுப்பு கேட்பதற்கு முன் மேலதிகாரியை நினைப்பதைவிடப் பக்கத்து ஊர்த் தோழியை நினைத்துத்தான் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கத்தை எந்த விடுப்பு விதியும் தீர்க்காது.

ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் நிலை இன்னும் இறுக்கம். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியரைத் தொகுப்பூதியத்தில் எடுத்தது. மாதம் 7,700 ரூபாய். கன்னியாகுமரிப் பெண்ணுக்குத் தருமபுரியில் வேலை, தென்காசிப் பெண்ணுக்கு நாமக்கல்லில். இரண்டாண்டில் நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பு நீண்டுகொண்டே போய், 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் போராட்டமாக வெடித்தது. கொரோனாக் காலத்தில் அவசரமாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களை 2022 டிசம்பர் 31ஓடு அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தச் செவிலியருக்கும் 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பலன் சட்டம் உண்டு என்பதை நிலைநாட்ட, செவிலியர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. தீர்ப்பு 2024 டிசம்பரில் வந்தது. ஒரு சட்டம் தனக்கும் உண்டா என்று கேட்டு வழக்குப்போட வேண்டிய நிலையில் இருந்த பெண்ணிடம்தான், மற்றப் பெண்களுக்குப் பேறுகாலக் கவனிப்பைப் பற்றி எடுத்துச்சொல்லும் வேலையைக் கொடுத்திருக்கிறோம்.

அமெரிக்காவில் டிராவல் நர்ஸ் என்று ஒரு பிரிவே இருக்கிறது. ஆள் பற்றாத ஊருக்கு 13 வாரம் போல ஒப்பந்தம், அதிகச் சம்பளம், தங்கும் செலவு. அங்கும் வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்தால் ஒப்பந்தத்தை முறிப்பதா என்ற தவிப்பு உண்டு. ஆனால் வாரங்கள் முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். நம் மலையில் இருக்கிறவருக்கு அந்த முடிவுத்தேதி கிடையாது. இடமாறுதல் கலந்தாய்வில் வரிசை வரும்வரை.

வழி தெரியாத விஷயமும் இல்லை இது. தமிழ்நாடே ஒருமுறை செய்துகாட்டியது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரே செவிலியரை வைத்து இரவுப் பிரசவம் பார்க்க முடியாது என்று கண்டு, நிலையத்துக்கு மூன்று செவிலியர் போட்டு 24 மணி நேரமும் திறந்துவைத்தார்கள். அதன்பிறகுதான் கிராமத்துப் பெண்கள் நம்பி வரத் தொடங்கினார்கள். மூன்று பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் தன் அப்பாவின் அறுவை சிகிச்சைக்குப் போய்வர முடியும். சேவை நிற்காது, மனசாட்சியும் உறுத்தாது. அதே அறிவு மலையின் கடைசித் துணை நிலையத்துக்கு ஏறிவர ஏன் இத்தனை காலம் என்று கேட்கிறேன். மலையின் சில நாடுகளுக்கு ஒருவர் என்று பதிலிச் செவிலியர் ஒருவரை நிரந்தரமாக வைத்தால் போதும். யார் வீட்டில் ஆபத்து என்றாலும் அவர் அங்கே போய் நிற்பார். இரவில் ஊழியரை மலையிலிருந்து இறக்கிவிடச் செம்மேட்டில் ஒரு ஜீப். கேட்பது இவ்வளவுதான். சுமார் 40,000 பேர் வாழும் மலைக்கு இது பெரிய செலவே இல்லை.

இரண்டாவது ஆள் வரவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகும் பெண்கள் வந்தார்கள். துணை நிலையங்கள் பலவற்றில் இடைநிலை சுகாதாரச் செவிலியர்கள் வந்தார்கள், ஒப்பந்தத்தில். அக்காவின் கடைசி ஆண்டுகளில் அப்படி ஒரு பெண் வந்தாள். தெற்குச் சீமையில் வீடு. நாமக்கல் இறங்கி, இரவுப் பேருந்து பிடித்து, விடிந்து போய்ச் சேர வேண்டிய தூரம். வந்த முதல் மழைக்காலத்திலேயே அவள் அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் என்று ஆனது. வாரத்துக்கு இரண்டு தடவை அவரைக் கூட்டிப்போக அம்மா ஒருத்திதான்.

அந்தப் பெண் அக்காவிடம் எதுவும் கேட்கவில்லை. ஓடைப் பக்கம் சிக்னல் தேடி நின்று பேசிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்ததைப் பார்த்து அக்காவே கேட்டார். பிறகு, “நீ கிளம்பு கண்ணு. புதன்கிழமை ஊசி நான் பாத்துக்கறேன். எத்தன நாள்னு யோசிக்காத” என்று அனுப்பினார். அவளுக்குக் கையில் விடுப்பு மிச்சம் இல்லை. போன நாள்களுக்கெல்லாம் சம்பளம் பிடித்தார்கள். அவள் திரும்பிவந்ததும், அந்த வாரம் தவறிப்போன கர்ப்பிணிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு இருவரும் ஆளுக்கொரு பக்கமாக நடந்தார்கள். அடுத்த மாதம் அப்பாவுக்கு டயாலிசிசுக்காகக் கையில் ஃபிஸ்டுலா வைக்கப் போகிறார்கள், அதற்கு எந்த நாளில் போவது என்று சிக்னல் கிடைத்த இடத்திலெல்லாம் போனில் பேசிக்கொண்டே.